வால் இல்லாத ரோல்

பெனில்தா குரூயெசோவிடம் எழுபத்திரண்டு என்ற எண்ணை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒர்த்தீஸ் பாலத்தில் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற நாங்கள் பதினோரு பேரும் ஆளுக்கு ஒரு முறையாவது சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஒரு ரோலில் எழுபத்திரண்டு படம் என்பது எங்களுக்குப் பெருமை. அவளுடைய ரோலில் பன்னிரண்டுதான். "உங்க எழுபத்திரண்டுல எத்தனை பேருக்கு மூஞ்சி விழுந்துச்சு, அதை முதல்ல சொல்லுங்க!" என்று பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவாள். அவளுக்கு இந்தக் கோபம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வரவழைத்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊர் பெயர் காலி. கொலம்பியாவில் வேறு எந்த ஊர் காலியாக இருந்தாலும் இது இருக்காது; அதிலும் ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் காலை வைக்க இடம் கிடைக்காது. நான் சொல்வது அறுபத்து மூன்றாம் வருடம். எங்கள் தொழிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரையும் கேட்கமாட்டோம். நடந்து வருகிறவரை நடக்கும்போதே ஒரு 'கிளிக்', உடனே நம்பர் போட்ட டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணிப்போம். பிடித்தால் எட்டு நாளுக்குள் கடைக்கு வந்து படத்தை வாங்கிக்கொள்ளலாம். விரல் நீளப் பிளாஸ்டிக் குழலுக்குள் படம் இருக்கும். ஒற்றைக் கண்ணை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பார்க்க வேண்டும்.

எழுபத்திரண்டு எப்படி வருகிறது என்றால், மற்ற காமிரா ஒரு படம் எடுக்கிற இடத்தில் எங்கள் காமிரா இரண்டு எடுக்கும். அரைக் கட்டம். குறுகலாக, நெட்டையாக, ஒரு ஆள் நடந்து வருகிற அகலம்தான். சினிமாக்காரர்கள் ஓட்டுகிற அதே ஃபிலிமைப் பெரிய டப்பாவில் வாங்கி, சின்னச் சின்ன ரோலாகக் கடையிலேயே சுற்றிக்கொள்வோம். கடை தொன் அர்க்கிமேதிஸ் லொசாதாவுடையது. அதற்கு முன் தொப்பி விற்றவர். மச்சான் செத்துப்போனதால் காமிராக்கடை கைக்கு வந்தது. ஒரு நாளாவது ஒரு ரோலைத் தன் கையால் சுற்றியவர் இல்லை. ஆனால் ஒரு சட்டம் போட்டிருந்தார்: ரோலோடு எழுபத்திரண்டு டிக்கெட் புத்தகம் ஒன்று தருவார், மாலையில் ஒரு டிக்கெட்கூடக் கிழிபடாமல் திரும்பி வரக் கூடாது.

இதில்தான் வில்லங்கம். ரோல் சுற்றுவது ஒரு கறுப்புப் பெட்டியில். ஒரு சுற்றுக்கு எங்கள் கணக்கில் இரண்டு படம்; கைப்பிடியை முப்பத்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும் என்று பெட்டி மூடியிலேயே அச்சடித்திருக்கும். ஆனால் ஃபிலிமின் கடைசி நுனியை வெளியே விளக்கு வெளிச்சத்தில் வைத்துத்தான் ரோலில் ஒட்ட முடியும். அந்த நுனி, ஒரு சாண் அளவு, வெளிச்சம் பட்டு வெந்துவிடும். காமிராவில் கடைசியாக வருகிற ஆறு படம் அதில்தான் விழும். விழும் என்ன விழும், ஒன்றும் விழாது. நாங்கள் அதை 'வால்' என்போம். முதலாளிக்கு வால் இருப்பதே தெரியாது. எங்களுக்குத் தெரியும். சொன்னால் "அப்ப எழுபத்திரண்டு இல்லையா? இத்தனை நாளா ஏமாத்தினீங்களா?" என்று குதிப்பார். அதனால் வாயை மூடிக்கொண்டு அந்த ஆறு டிக்கெட்டையும் யார் சண்டைக்கு வரமாட்டார்களோ அவர்கள் கையில் திணித்தோம்.

யார் வரமாட்டார்கள்? ஞாயிறு மதியம் மட்டும் விடுப்பு கிடைத்து, கஞ்சி போட்ட பாவாடையும் வெள்ளைச் செருப்புமாகப் பாலத்துக்கு வருகிற வீட்டு வேலைக்காரப் பெண்கள். பசிபிக் கரை ஆறுகளிலிருந்து வந்த கறுப்புப் பெண்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் கடை ஜன்னலில் வந்து நிற்கும்போது "படம் வரலம்மா, நீ அசைஞ்சுட்டே" என்று சொல்லிவிடுவோம். தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எழுத வெட்கமாக இருக்கிறது. நான் செய்தேன். நாலு வருடம் செய்தேன்.

பெனில்தா அந்த ஜன்னலில் மூன்று முறை நின்றவள். பசிபிக் கரையில் குவாப்பியிலிருந்து பதினாறு வயதில் வந்து, ஒரு பெரிய வீட்டில் சமையலும் துணி துவைப்புமாக ஆறு வருடம் இருந்தாள். ஊரில் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. இவள் எழுதுகிற கடிதத்தை அங்கே துறைமுகக் கடைக்காரர் படித்துச் சொல்வார். ஒரு தடவை அம்மா அவரைக் கொண்டே பதில் எழுத வைத்தாள்: "உன் பெயரில் வேறு யாரோ எழுதுகிறார்கள், பெண் எப்போதோ செத்துவிட்டாள் என்று இங்கே பேசுகிறார்கள். எனக்குக் கடிதம் வேண்டாம். முகத்தை அனுப்பு." ஸ்டூடியோவில் உட்காருவதற்கு வேலைக்காரப் பெண்ணுக்கு வசதி ஏது? பாலத்துக்கு வந்தாள். மூன்று டிக்கெட், மூன்று "வரல." மூன்றாவது முறை தொன் அர்க்கிமேதிஸே ஜன்னலில் இருந்தார். அவர் எங்களைப்போலப் பொய் சொல்லவில்லை. மனதார நம்பியதைச் சொன்னார்.

"உங்க ஆளுங்க மூஞ்சி ஃபிலிம்ல பிடிக்காது புள்ளே. நான் எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். அது அப்படித்தான்."

வராத படம் எல்லாம் கறுப்புப் பெண்களுடையது. ஆகவே கறுப்பு முகம் வராது. அவர் அப்படிக் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அழவில்லை என்று பிறகு அவளே சொன்னாள். ஜன்னலில் 'ரோல் சுற்ற ஆள் தேவை' என்று ஒட்டியிருந்ததைப் படித்திருக்கிறாள். மறுநாளே பெரிய வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். "என் மூஞ்சி எங்க போகுதுன்னு உள்ள வந்து பாத்துடறேன்" என்றாள். முதலாளி அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்து, சேர்த்துக்கொண்டார்.

பார்க்க அவளுக்குப் பத்து நாள் பிடித்தது. கழுவிக் காயப்போட்ட நெகட்டிவ் ஒவ்வொன்றிலும் கடைசி ஒரு சாண் தார் பூசினதுபோல் கறுத்துக் கிடந்தது. ஒரு மதியம், நான் ரோல் வாங்கப் போனபோது, மேஜைமேல் தன் மூன்று டிக்கெட்டையும் வரிசையாக வைத்திருந்தாள். அறுபத்தெட்டு. எழுபது. எழுபத்தொன்று.

"எவேலியோ அண்ணே, இதுல ஒண்ணு நீங்க குடுத்தது. ஞாபகம் இருக்கா?"

இல்லை. அதுதான் இன்னும் அசிங்கம்.

"கடைசி ஆறுல யாரைப் போடறீங்க?"

"அது… பழக்கம் பெனில்தா. நான் மட்டும் இல்ல. எல்லாரும்தான்."

"யாரைன்னு கேட்டேன். எத்தனை பேர்னு கேக்கல."

நான் வழிந்தேன். "சரி விடு. நாளைக்கு வா, ரோல் நடுவுல வெச்சு உன்னை ஒண்ணு எடுத்துத் தர்றேன். அம்மாவுக்கு அனுப்பு. முடிஞ்சுது."

"எனக்கு மட்டும் நடுவுல இடம் குடுத்து வாயை அடைக்கலாம்னு பாக்கறீங்களா? எங்கம்மா ஒருத்திதான் அங்க காத்துக்கிட்டு இருக்காளா?" என்று ரோலை என் பக்கம் உருட்டிவிட்டாள். "எடுத்துட்டுப் போங்க. இன்னிக்கு எல்லாரையும் எடுங்க."

அன்றைக்கு அவள் சுற்றியது முப்பத்தொன்பது சுற்று. மூன்று சுற்று அதிகம். வால் எழுபத்திரண்டைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஜன்னலில் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எல்விரா என்று ஒரு சமையல்காரி, ஐம்பது வயதிருக்கும், குழலைக் கண்ணில் வைத்தவள் எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவள் இடித்தாள். "பிரிமா, எனக்கும் காட்டு பிரிமா!" ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள் சொந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருத்தியை ஒருத்தி பிரிமா என்றுதான் கூப்பிடுவார்கள். எல்விரா திரும்பாமலே சொன்னாள்: "இருடி. நானே என்னை இப்பத்தான் பாக்கறேன்."

ஐந்து வாரம் இப்படி ஓடியது. பிறகு டப்பா சீக்கிரம் தீர்வதை முதலாளி கண்டுபிடித்தார். விற்ற குழலில் யார் முகம் என்று ஒரு நாளும் கண் வைத்துப் பார்க்காதவர்; காமிரா தெரியாதே ஒழிய டப்பா தெரியும். ஒரு ஞாயிறு, ஜன்னலில் கூட்டம் நிற்கும்போதே, சுற்றுகிற அறைக்குள் வந்து அவள் பக்கத்தில் நின்று எண்ணினார். முப்பத்தேழில் கையைப் பிடித்தார்.

"மூடியில என்ன போட்டிருக்கு?"

"முப்பத்தாறு."

"அப்புறம்?"

"மூடி எழுதினவன் வாலை எண்ணல முதலாளி." பழைய நெகட்டிவ் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "பாருங்க. கடைசி ஆறு. வெந்துபோய் கறுப்பா இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகத்தில் வெற்றி. "கறுப்பா இருக்கில்ல? நான் அதைத்தானே சொல்றேன்? கறுப்பு மூஞ்சி, கறுப்பா விழுந்திருக்கு!"

பெனில்தா சிரித்தாள்.

"முதலாளி, இது நெகட்டிவ். இதுல நாங்கதான் வெள்ளை. நீங்கதான் கறுப்பு."

ஜன்னலில் நின்ற பெண்கள் ஓவென்று சிரித்துவிட்டார்கள். தொன் அர்க்கிமேதிஸ் காது மடல்வரை சிவந்தார். "முப்பத்தாறு சுத்து. இல்லேன்னா நடையைக் கட்டு."

"கட்டறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்வோம். உங்க முப்பத்தாறு சுத்துலயே ஒரு ரோல். முதல் படம் நான். எழுபத்திரண்டாவது உங்க பொண்ணு. என் மூஞ்சி விழலேன்னா நான் போறேன். உங்க பொண்ணு மூஞ்சி விழலேன்னா இந்தக் கடையில இனிமே முப்பத்தொன்பது."

மகள் மரூஹா அப்போது கடையில்தான் இருந்தாள். ஞாயிற்றுப் பூசை முடிந்து, புது மஞ்சள் கவுனில், பாந்தேபோனோ தின்றுகொண்டிருந்தாள். "சரிங்கப்பா, எடுக்கட்டுமே" என்றாள் வாயில் ரொட்டியோடு. மாநிறம்கூட இல்லை, பால்போல வெளுப்பு. முதலாளி தன் மகளைப் பார்த்தார், பெனில்தாவைப் பார்த்தார், ஜெயித்துவிட்ட நினைப்பில் தலையாட்டினார். சுற்றும்போது அவரே நின்று சத்தமாக எண்ணினார். ரோலை என் கையில் வைத்தார்.

"எவேலியோ, நீ எடு. நீ நம்ம ஆளு."

நம்ம ஆள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பாலத்தின் வாயிலில், தேவாலயத்தைப் பார்த்த மூலை என்னுடையது; கொடுத்தது முதலாளி. அந்த மூலைக்காகக் கத்திக்குத்து நடந்திருக்கிறது. மரூஹாவை அறுபதில் எடுத்துவிட்டு எழுபத்திரண்டாம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? காமிராவின் நம்பரை நான் ஒருவன்தான் பார்ப்பேன்.

முதலில் பெனில்தா நடந்து வந்தாள். எல்லோரும் பாலத்தில் நடக்கும்போது சிரிப்பார்கள். இவள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிளிக். அப்புறம் ஞாயிற்றுக் கூட்டம்: சிப்பாய்கள், ஐஸ் தின்கிற குடும்பங்கள், காதலர்கள், ஜன்னலில் நின்ற பிரிமாக்கள். மலையிலிருந்து நாலு மணிக் காற்று இறங்கி எல்லோர் பாவாடையையும் தூக்கியது. அறுபது வந்தது. மரூஹா என் எதிரில்தான் கவுனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்பவா?" என்றாள். முதலாளி என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது: வால் இருக்கிறது என்று அந்த ஆளுக்கு உள்ளுக்குள் சந்தேகம் வந்துவிட்டது. வந்தும் தோற்கத் தயாரில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருடமாக நான் சிமிட்டிய கண் அது.

"இன்னும் இல்லம்மா" என்றேன். "பன்னிரண்டு பேர் இருக்காங்க."

எழுபத்திரண்டில் மரூஹாவை எடுத்தேன். டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் மரியாதையாகக் கொடுத்தேன். கடைக்குத் திரும்பி, ரோலைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட விளக்கடியில் பிடித்தோம். முதல் கட்டத்தில் பெனில்தா. நெகட்டிவில் வெள்ளையாக, கண் இரண்டும் கூர்மையாக. கடைசி ஆறு கட்டம் வெறும் தார்.

மரூஹா எட்டிப் பார்த்தாள். "ஐயோ அப்பா, நானும் கறுத்துப் போயிட்டேனா?"

"நீங்க அசைஞ்சிருப்பீங்கம்மா" என்றாள் பெனில்தா. ஜன்னலில் ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

பந்தயத்தில் தோற்றவர் பேச்சைக் காப்பாற்றினார் என்று நினைக்கிறீர்களா? தொன் அர்க்கிமேதிஸ் காமிராவில் கோளாறு என்றார். தண்ணீரில் கோளாறு என்றார். கடைசியில் மேஜையைக் குத்தி, "கடை என்னோடது! முப்பத்தாறு! நீ வெளிய போ!" என்றார்.

பெனில்தா கத்தரிக்கோலை எடுத்து, ஈர ஃபிலிமிலிருந்து முதல் கட்டத்தை வெட்டிக் கைக்குட்டையில் வைத்தாள். "இது நான். இதை நீங்க வெச்சுக்க முடியாது" என்றாள். வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பிரிமாக்களே, டிக்கெட் குடுத்தா நம்பரைப் பாருங்க. அறுபத்தாறுக்கு மேல இருந்தா குடுத்தவன் மூஞ்சியிலயே விட்டெறிங்க. நம்ம மூஞ்சிக்கு ஒரு குறையும் இல்ல. இவனுங்க ரோலுக்குத்தான் குறை."

அடுத்த ஞாயிறு பாலத்தில் எங்கள் பாடு திண்டாட்டம். ஆளாளுக்கு டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவள் பக்கத்தில் இருப்பவளிடம் காட்டினாள். என்னோடு நிற்கிற ஹெராசிமோ ஒருத்திக்கு அறுபத்தொன்பதை நீட்ட, அவள் அதை வாங்கி, மடித்து, அவன் சட்டைப் பையிலேயே செருகி, "உங்க ஆத்தாளுக்குக் குடுங்க ராசா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். ஒவ்வொரு மாலையும் பதினோரு பேரும் ஆறு ஆறு டிக்கெட்டைக் கிழிக்காமல் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தோம். மூன்று வாரம் கத்தினார். நாலாவது வாரம் கழுவிய ரோலை எண்ணிப் பார்த்தேன், எழுபத்திரண்டாவது கட்டத்திலும் முகம் இருந்தது. முப்பத்தொன்பது சுற்றுதான். முதலாளியே மாற்றச் சொல்லியிருக்கிறார்.

பெனில்தாவின் படம் குழலுக்குள் ஏறிக் குவாப்பிக்குப் போனது. அம்மா பார்த்தாள், கடைக்காரர் பார்த்தார், படகுத்துறையே வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தது. பதில் வந்தது: "நீதான். உயிரோடுதான் இருக்கிறாய். ஆனால் ஏன் அடிக்க வருகிறவள் மாதிரி பார்க்கிறாய்? அடுத்த முறை குழல் வேண்டாம். கையில் வைத்துக்கொள்கிற மாதிரி அனுப்பு."

அதற்காகவே எட்டு மாதம், எங்கள் எதிரிலேயே, அதே பாலத்தில் கூடையில் சோந்தாதூரோப் பழம் வைத்து உப்பும் தேனும் தடவி விற்றாள். திரும்பி வரச்சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். வந்த ஆளுக்கு ஒரு பழம் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். பிறகு ஒரு நாள் கூடை இல்லை. மார்பில் ஒரு பெட்டிக் காமிரா, மேலே குனிந்து பார்க்கிற ரகம், ஊரை விட்டுப் போன கடிகாரக்காரர் ஒருவரிடம் வாங்கியது. அகல ஃபிலிம். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்.

நாங்கள் சிரித்தோம். "பன்னிரண்டா? குண்டு போடற துப்பாக்கியில கல்லு போட்டுச் சுடற மாதிரி! பொழைச்ச மாதிரிதான்!" என்றான் ஹெராசிமோ.

அவள் ஒரு ரோலை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். ஃபிலிமின் முதுகோடு முதுகாக, தலையிலிருந்து கடைசிவரை, ஒரு கறுப்புக் காகிதம் கூடவே ஓடியது. ஃபிலிம் முடிந்த பிறகும் காகிதம் இன்னும் நீளமாகப் போனது. "வெளிச்சம் எந்தப் பக்கம் வந்தாலும் இதுதான் வாங்கிக்கும். படம் சதுரம், உள்ளங்கை அளவு. பெருசு பண்ணாமலே அப்படியே காகிதத்துல விழும். முதல்ல நிக்கிறவளுக்கும் விழும், கடைசியில நிக்கிறவளுக்கும் விழும்." காட்டுவதற்காக ஒரு ரோலைப் பாழாக்கினாள். அந்த ரோலை இன்னும் நான் வைத்திருக்கிறேன்.

அவள் நடக்கிறவர்களைப் பிடிப்பதில்லை. கேட்டுத்தான் எடுப்பாள். டிக்கெட்டில் நம்பர் கிடையாது, பெயர்தான். ஞாயிறானால் பாலத்தின் அந்தக் கோடியில் வெள்ளைச் செருப்புகள் வரிசை கட்டி நிற்கும். எங்கள் கோடியில் கூட்டம் குறைந்தது. ஹெராசிமோவுக்கு இன்றுவரை ஆறவில்லை.

போன ஞாயிறு கூட்டம் கலைந்த பிறகு நான் அவளிடம் போனேன். இத்தனை வருடம் எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன், என்னை ஒருவரும் எடுத்ததில்லை.

"பெனில்தா, எனக்கு ஒண்ணு எடுப்பியா?"

காமிராவின் பின்புறம் நம்பர் தெரிகிற சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். "பதினொண்ணு ஆயிடுச்சு. ஒண்ணுதான் பாக்கி."

"அப்ப வேணாம். அடுத்த ரோல்ல…"

"நில்லுங்க அண்ணே அங்க." குனிந்து என்னைக் குறி பார்த்தாள். "பயப்படாதீங்க. என் ரோல்ல கடைசி ஆளும் வருவான்."